வலமா இருபத்தஞ்சு சுத்து

ஏணிய அந்தப் பக்கம் போடாதீங்க ஆர்ட்டிஸ்ட்டு, அங்க டிச்சு மூடி ஆடும். இப்படி, செவுத்தோட ஒட்டிப் போடுங்க. ஆ, அவ்வளவுதானுங்க. ஏறாதீங்க, ஏறாதீங்க. டீ சொல்லியிருக்கேன், குடிச்சுப் போட்டு ஏறலாம். போர்டு எங்கயும் ஓடிப் போயிராது. ஓடிப் போனதெல்லாம் வேற.

படிச்சுப் பாத்தீங்களா? "ஸ்ரீ வலம்புரி வெட் கிரைண்டர்ஸ்". கீழ சின்ன எழுத்துல "தண்டபாணி", அதுதான் நானு. அதுக்குப் பக்கத்துல நியூஸ் பேப்பர் ஒட்டி மறைச்சிருக்குது பாருங்க. அந்தப் பேப்பருக்கு அடியில "அண்ட் சன்"னு இருக்குதுங்க. அதுதான் இன்னிக்கு உங்க வேலை. எழுதுன ஆர்ட்டிஸ்ட்டு மேல தப்பு இல்லை, நல்லாத்தான் எழுதியிருக்காரு. எழுத்து நின்னுருச்சு, ஆளு நிக்கலை.

டீ வர வரைக்கும் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே ஒரு ஞாயம் சொல்லோணும். என்ற ஊட்ல எனக்கு ஞாயம் கெடைக்க மாட்டேங்குதுங்க.

என்ற பையன் யுகேந்திரன் ஐஸ் மேல ஓடறவன். ஓடறதுன்னா சறுக்கறது. காலுக்கு அடியில கத்திய மாட்டிக்கிட்டு, கத்தின்னா நெசக் கத்தி, முழங்கை நீளம் இருக்கும், ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு, தொலைஞ்சு போன சாவியத் தேடற மாதிரி குனிஞ்சுக்கிட்டே சுத்திச் சுத்திப் போறது. அதுல சின்ன தூரம், பெரிய தூரம்னு எத்தனையோ இருக்குது. அரை நிமிசத்துல முடியற ஓட்டமெல்லாம் இருக்குது. இவன் எடுத்துக்கிட்டது எது தெரியுமுங்களா? பத்தாயிரம் மீட்டரு. நம்ம ஆவாரம்பாளையத்துல இருந்து கெளம்புனா ஏர்போர்ட்டத் தாண்டிரலாம். அத்தனை தூரத்தையும் ஒரே எடத்துல, இருபத்தஞ்சு சுத்து சுத்தித் தீக்கறது. ஏன்டா, சீக்கிரம் முடியறதா ஒண்ணு எடுத்துக்கக் கூடாதான்னு கேட்டேன். "எனக்கு நிதானமா ஓடத்தாம்ப்பா வரும்"ங்கறான்.

கோயமுத்தூர்ல ஐஸ் எங்க இருக்குதுன்னுதான கேக்கறீங்க? ஜூஸ் கடையில இருக்குதுங்க, வேறெங்க. சின்னதுல ரேஸ்கோர்ஸ் ரோட்டுல சக்கரச் செருப்பு மாட்டிக்கிட்டு ஓடிட்டு இருந்தான். அப்புறம் ஒரு நாள் சக்கரம் வேண்டாம், கத்தி வேணும்னான். வெளிநாடு போயிட்டான். பேரே வாயில நுழையாத ஊரு, அங்க ஐஸ் மைதானத்துலயே நாலு வருசமாக் கெடக்கான்.

நான் யாரு? முப்பது வருசமா சுத்தற சாமானத்தோட குப்பை கொட்டறவன். சுத்தறதப் பத்தி எனக்கு ஒருத்தரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உங்க ஊட்ல எந்தக் கிரைண்டருங்க? சரி விடுங்க, அதப் பொறகு பேசிக்கலாம். நம்ம கிரைண்டர்ல ஒரு விசேசம், அது வலமாத்தான் சுத்தும். கோயில்ல நாம சுத்தற மாதிரி. ஆரம்பத்துல மோட்டார் குடுத்தவன் இடமாச் சுத்தற மாதிரி குடுத்தான். எடுத்துட்டுப் போயிருன்னு திருப்பி அனுப்பிச்சேன். அதனாலதான் நம்ம கிரைண்டர்ல மாவு பொங்கிப் பொங்கி வருது. ஆராய்ச்சியெல்லாம் பண்ணலீங்க, அனுபவம்.

இந்தப் பையன்கிட்ட ஒரே ஒரு சங்கடம். எங்க ஓடுனாலும் கடைசி. தப்பா நெனைச்சுக்காதீங்க, நல்ல பையன், ஒரு கெட்ட பழக்கம் கெடையாது, கடைசியா வர்றதத் தவிர. "உலகத்துலயே பன்னெண்டு பேரு ஓடற எடத்துல பன்னெண்டாவது வர்றான், சும்மாவா?"ன்னு அவங்கம்மா சொல்லுவா. கஸ்தூரி. அவ அப்படித்தான். நானும் அதத்தான் சொல்றேன், உலகத்துல பன்னெண்டாவது ஆயாச்சு, போதும், வந்து கம்பெனியப் பாரு.

தீவாளிக்கு வந்திருந்தான். விடியறதுல இருந்து பேசிப் பேசி, பலகாரமெல்லாம் ஆறிப் போயி, கடைசியில ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். உலக நாடெல்லாம் சேந்து குளிர்கால விளையாட்டுப் போட்டி நடத்தறாங்கல்ல, அதுல இவனுக்கு எடம் கெடைச்சிருந்துச்சு. அதுல கடைசியா வந்தான்னா கத்தியக் கழட்டி வெச்சுட்டு கம்பெனிக்கு வந்துரோணும். கடைசிக்கு ஒரே ஒரு ஆளு முன்னாடி வந்தாக்கூட அவன் இஷ்டம், இன்னும் நாலு வருசம் ஓடிக்கலாம், நான் வாயே தொறக்கக் கூடாது. உள்ள இருக்கறாரு பாருங்க பிள்ளையாரு, அவரு முன்னாடி ரெண்டு பேரும் சூடத்தத் தொட்டுச் சத்தியம் பண்ணினோம்.

எனக்கு என்னங்க பயம்? கடைசி வர்றதுல அவன அடிச்சுக்க ஆளு கெடையாது. அடுத்த நாளே ஆர்ட்டிஸ்ட்டக் கூப்பிட்டு "அண்ட் சன்" எழுதிட்டேன். அவனுக்குன்னு ஒரு கேபின், அதுக்கு ஏசி, சுத்தற சேரு. உக்காந்து சுத்திப் பாத்தேன், நல்லா சுத்துச்சு. அப்புறம் பிளைட்டு டிக்கெட்டு. எனக்குப் போக வர, அவனுக்கு வர மட்டும். பக்கத்துப் பக்கத்துச் சீட்டு. போட்டி முடிஞ்சதும் கையோட கூட்டிட்டு வந்துரலாம்னு.

கஸ்தூரி வரலை. குளுருக்கு அவளுக்கு முட்டி புடிச்சுக்கும். ஆனா பெட்டிய அவதான் கட்டுனா. அதுல ஒரு சின்னப் பிள்ளையாரு, சூடம், தீப்பெட்டி, எங்க ஊட்டுப் பூஜை மணி. "எங்க போனாலும் காலையில பூஜை நிக்கக் கூடாது"ன்னா. அந்த மணி அவங்கம்மா ஊட்டுச் சீருங்க. சுத்தமான வெங்கலம். எங்க ஊட்ல அடிச்சா மூணாவது வீதியில நாயி எந்திரிக்கும்.

போயி எறங்குனா, அட அது குளுரா? மூணு பேண்டு, ரெண்டு ஸ்வெட்டரு, குரங்குக் குல்லா, அது மேல துண்டு, அப்பவும் பல்லு டைப் அடிக்குது. பையன் வந்து கூட்டிட்டுப் போனான். போட்டிக்கு மொத நாளு பயிற்சி. பெரிய கட்டடம், உள்ள கண்ணாடி மாதிரி ஐஸு. அவன் ஓடி நான் பாக்கறது அதுதான் மொத தடவை. என்ன பாக்கறீங்க? இத்தனை வருசமா ரேஸ்கோர்ஸ்ல ஓடினானே, போயிப் பாக்கலியான்னா? கம்பெனிய யாருங்க பாக்கறது?

இறங்கினான். சறுக்கினான். அழகாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. தண்ணியில வாத்து போற மாதிரி சத்தமே இல்லாமப் போறான். நானும் வாயப் பொளந்து பாத்துட்டு இருந்தேன். ரெண்டு சுத்து போன பொறகுதான் எனக்குத் திக்குனுச்சு.

இடமாச் சுத்தறாங்க ஆர்ட்டிஸ்ட்டு!

இவன் மட்டுமில்லை, எல்லாரும். அத்தனை நாட்டுக்காரனும். மைதானத்து நடு இடது கைப்பக்கமே இருக்குது, அப்படியே போறாங்க, போறாங்க. இடமாச் சுத்தறது எந்த எடத்துலன்னு உங்களுக்குத் தெரியும், காலங்காத்தால அந்தப் பேச்சு வேண்டாம். ஒரு சுத்து போனாலே ஆகாது. இவன் ஒரு போட்டிக்கு இருபத்தஞ்சு போறான். அப்புறம் எப்படிங்க வெளங்கும்? கடைசியா வராம என்ன செய்வான்?

அவனோட டிரெயினர் ஒரு அம்மா, மார்த்தான்னு பேரு. நேராப் போயி அவங்ககிட்டயே கேட்டேன். பையன் தலையில அடிச்சுக்கிட்டே மொழிபெயர்த்தான். "ஒரே ஒரு நாளைக்கு இவன வலமா ஓட விட்டுப் பாருங்க மேடம்"னேன். அந்தம்மா, "அப்படி ஓடினா எதுக்க வர்றவன் மேல மோதிருவான்"னாங்க. "அப்ப எல்லாரையும் திருப்புங்க"ன்னேன். பையன் அத மொழிபெயர்க்கலை.

ராத்திரி படுத்தா தூக்கம் வரலீங்க. பெத்தவன் இருக்கும்போது பையன் இருபத்தஞ்சு தடவை இடமாச் சுத்தறதான்னு மனசு கெடந்து அடிக்குது. அப்பத்தான் தோணுச்சு. கணக்கு சுலபம். அவன் இடமா ஒரு சுத்து போனா, நான் வலமா ஒரு சுத்து போறது. அதுக்கு இது நேராயிரும். பிள்ளையாரே, என்ற பையன் கடைசியா மட்டும் வரக் கூடாது, நான் இருபத்தஞ்சும் போட்டுர்றேன்னு வேண்டிக்கிட்டேன். அப்புறம் நல்ல தூக்கம்.

போட்டி அன்னிக்குக் கதவு தொறந்த உடனே மொத ஆளா உள்ள போயிட்டேன். தீப்பெட்டிய வாசல்லயே புடுங்கிட்டாங்க. மணியத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, அங்கயும் கைத்தட்டறதுக்குப் பதிலா மணி ஆட்டற சனம் இருக்குதாமா, விட்டுட்டாங்க. பாக்கறவங்க உக்கார்ற எடத்துக்குப் பின்னால கட்டடத்தச் சுத்தி அகலமா ஒரு நடைபாதை. பிரகாரமேதாங்க. கஸ்தூரி குடுத்தனுப்புன வேர்க்கடலையில இருபத்தஞ்ச எண்ணி வலது பாக்கெட்டுல போட்டேன். ஒரு சுத்து முடிஞ்சா ஒரு கடலை இடது பாக்கெட்டுக்குப் போகோணும். நடக்க ஆரம்பிச்சேன்.

அங்க ஒரு சிக்கல். நடைபாதை ஒன் வே. அம்புக்குறி போட்டிருக்கான், அதுவும் இடமா! ஊரே ஒரு பக்கம் வருது, நான் எதுக்கப் போறேன். நீலக் கோட்டு போட்ட தொண்டர் ஒருத்தரு வந்து நிறுத்துனாரு. நான் ஐஸக் காட்டி, விரல இடமாச் சுத்தி, தலைய ஆட்டி, அப்புறம் விரல வலமாச் சுத்தி என்ற நெஞ்சத் தொட்டுக் காட்டுனேன். அவருக்குப் புரிஞ்சுருச்சுன்னு நெனைச்சேன். எனக்குத் தலை சுத்துதுன்னு புரிஞ்சிருக்காரு. நாற்காலியில உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, விசிறி விட்டாரு. அந்தக் குளுர்ல விசிறி! அவரு அந்தப் பக்கம் போனதும் எந்திரிச்சுப் போயிட்டேன். மறுக்காப் புடிச்சு உக்கார வெச்சாரு. மூணாவது வாட்டி அவரே வழி விட்டு ஒதுங்கி நின்னுட்டாரு.

ஏழாவது சுத்தோ எட்டாவது சுத்தோ, பின்னால ஒரே சத்தம். திரும்பிப் பாத்தா பேண்டு செட்டு! முட்டாய் கலர்ல சட்டை போட்டுக்கிட்டு, ஊதறவங்க நாலு பேரு, டிரம்மு அடிக்கறவரு ஒருத்தரு. அந்த ஊர்ல இந்த ஓட்டத்துக்கு அப்படித்தான் வருவாங்களாமா. நான் என்னமோ ஊர்வலம் போறேன்னு நெனைச்சுட்டுப் பின்னாலயே வர்றாங்க. அவங்க பின்னால முகத்துல கொடி வரைஞ்ச சனம். குழந்தைங்க. ஒரு பாட்டில் கையில வெச்சிருந்த ஆளு. பாத்துக்கிட்டு இருக்கும்போதே தேர்த் திருவிழாக் கூட்டம் ஆயிப் போச்சு, நான்தான் முன்னாடி சாமி மாதிரி போறேன். அம்புக்குறிப்படி ஒழுங்கா வந்தவங்கெல்லாம் இப்ப செவுத்தோட ஒட்டி நிக்கறாங்க. பீர் கடை முன்னால மட்டும் ஊர்வலம் ஒவ்வொரு சுத்துக்கும் நிக்கும். அதனாலயே நேரம் ஆகிப் போச்சுங்க. பதினஞ்சு சுத்துக்கு மேல டிரம்முக்காரரு நேராவே நடக்கலை.

அங்கதான் நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். பசியில ஞாபகமில்லாம ரெண்டு கடலைய வாயில போட்டுட்டேன். எந்தப் பாக்கெட்டுல இருந்து எடுத்தேன்னு தெரியலை. கணக்கு போச்சு. சாமி காரியத்துல குறைய விடக் கூடாது, எதுக்கும் இருக்கட்டும்னு எச்சா ரெண்டு சுத்து போட்டேன். அது முடியறதுக்குள்ள கீழ போட்டி ஆரம்பிச்சாச்சு.

ரெண்டு ரெண்டு பேராத்தான் ஓட விடுவாங்க, அப்புறம் நேரத்த வெச்சு எடம் போடுவாங்க. மொத ஜோடியே நம்ம பையன்தான். கூட ஓடறவரு ஒரு வாட்டசாட்டமான ஆளு. பேரு வாயில வரலை, நான் பெரியதம்பின்னு வெச்சுக்கிட்டேன். எந்த நாடுன்னு சொல்ல மாட்டேன், நமக்கு எதுக்கு வம்பு. போட்டியில மத்த பத்துப் பேரும் வேற ரகம், காத்து மாதிரிப் போறவங்க. கடைசி எடம் இவங்க ரெண்டு பேத்துக்குள்ளதான்னு பையனே முந்தின நாளு சொல்லிட்டான். பெரியதம்பியத் தாண்டிட்டா அவன் இஷ்டம், தாண்டலைன்னா கம்பெனி.

நடைபாதையில ஒவ்வொரு படிக்கட்டு வாசலுக்கும் ஒருக்கா ஐஸ் தெரியும். ஒரு வாசல்ல எட்டிப் பாத்தா பையன் தெரியறான், அடுத்த வாசல்ல பெரியதம்பி தெரியறாரு. ஒவ்வொரு வாசலுக்கும் பெரியதம்பி கொஞ்சங் கொஞ்சமா முன்னாடி போறாரு. காலு வீங்கிப் போச்சு, நடக்க முடியலை, ஓடறேன். என்ற பின்னால பேண்டு செட்டும் ஓடுது, ஊதிக்கிட்டே.

கடைசிச் சுத்து முடிஞ்சுது. படியில எறங்கி, ஐஸுக்கு மேல இருக்கற கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். கீழ பலகையில பாத்தா, அவனுக்கு இன்னும் நாலு சுத்து பாக்கி. பெரியதம்பி நல்லா முன்னால. சரி, நம்ம கடமைய முடிச்சாச்சு, இனி அவன் பாத்துக்குவான். வேண்டுதல் முடிஞ்சா சூடம் காட்டோணும். தீப்பெட்டி இல்லை. மணியாவது அடிக்கலாம்னு கண்ண மூடி அடிச்சேன்.

நல்லா அடிச்சேனுங்க. பேண்டு செட்டுக்காரங்க மரியாதை தெரிஞ்சவங்க, ஊதறத நிறுத்திக் குல்லாயக் கழட்டிட்டு நின்னாங்க. அவங்களப் பாத்து பக்கத்துல இருந்தவங்களும் எந்திரிச்சு நின்னாங்க. மைதானம் பூராவும் கஸ்தூரி மணிச் சத்தம் மட்டும்தான்.

கண்ணத் தொறந்து பாத்தா, பெரியதம்பி பறக்கறாரு.

என்ன விசயம்னா, கடைசிச் சுத்து வரும்போது ஐஸ் ஓரத்துல ஆபீசர் ஒருத்தரு மணி அடிப்பாராமா. அதக் கேட்டா, இன்னும் ஒரே சுத்துதான், இருக்கற பலத்தையெல்லாம் போட்டு ஓடிரோணும்னு அர்த்தமாமா. அது எனக்கு எப்படிங்க தெரியும்? ஒருத்தரும் சொல்லலியே! இருபது சுத்து தாண்டுனா மூளைக்கு ரத்தமே போகாதாமா, பலகையில என்ன எழுதியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாதாமா. பாவம் பெரியதம்பி, மணியக் கேட்ட உடனே முதுகுல கட்டியிருந்த கைய அவுத்து ரெண்டு பக்கமும் வீசி வீசி அப்படி ஒரு ஓட்டம் ஓடுனாரு. சுத்தி முடிச்சு, கோட்டத் தாண்டி, தலைய மூடியிருந்த துணிக் குல்லாயப் பின்னால தள்ளி, ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிமிந்து நின்னு மெதுவா மெதந்து வர்றாரு. சனத்துக்குக் கும்பிடு போடறாரு. அவரோட டிரெயினரு ஐஸ் ஓரத்துல தாண்டிக் குதிச்சு மூணு விரலக் காட்டறாரு. இவரு அவருக்கும் ஒரு கும்பிடு போட்டாரு.

நம்ம பையனா? அவன் பாட்டுக்கு அதே நிதானத்துல, தொலைஞ்ச சாவியத் தேடிக்கிட்டுக் குனிஞ்சபடி அவரத் தாண்டிப் போயிட்டான். அவன் மட்டும் ஏன் ஏமாறலைன்னு எல்லாரும் கேட்டாங்க. ஏனுங்க, அந்த மணிய அவன் பொறந்ததுல இருந்து காலங்காத்தால கேக்கறான். ஒரு நாளாவது அதக் கேட்டு எந்திரிச்சிருக்கானா? போர்வைய இன்னும் கொஞ்சம் இழுத்துப் போத்திக்குவான். அந்தச் சத்தத்துக்கு அவன் ஒடம்பு அசையாதுங்க.

பெரியதம்பிக்கு விசயம் புரிஞ்சு மறுக்கா ஓட ஆரம்பிச்சாரு. விட்டுக் குடுக்கலை, நல்ல மனுசன். ஆனா காலுல ஒண்ணும் மிச்சமில்லை. கடைசிக் கோட்டுக்கு முன்னால கிட்டக்க வந்துட்டாரு. ஒரு கத்தி நீளந்தான், நம்ம பையன் முன்னாடி. நான் கத்துன கத்துல ரெண்டு நாளு தொண்டையில இருந்து காத்துதான் வந்துச்சு.

அப்புறம் மிச்ச பத்துப் பேரும் ஓடி முடிச்சாங்க, எல்லாரும் வேகம். நம்ம பையன் பதினொண்ணு, பெரியதம்பி பன்னெண்டு. நீலக் கோட்டுக்காரரும் ஆபீசரும் வந்து மரியாதையா என்ற கையில இருந்து மணிய வாங்கிட்டுப் போயிட்டாங்க. பேண்டு செட்டுக்காரங்க எனக்காக எத்தனையோ பேசிப் பாத்தாங்க, நடக்கலை. பெரியதம்பிகிட்ட, வேணும்னா ஒரு மணி நேரங் கழிச்சு நீ மறுக்கா ஓடலாம்னு சொன்னாங்களாமா. பத்துக் கிலோமீட்டர! எனக்கு மனசு கேக்கலை. பெஞ்சுல மல்லாக்கப் படுத்திருந்தவருகிட்டப் போயி, இடது பாக்கெட்டுக் கடலையெல்லாம் எடுத்துக் கையில குடுத்தேன், சாமிக்கு எண்ணுன கடலை. எந்திரிச்சு உக்காந்து அத்தனையும் தின்னாரு. என்னமோ சொன்னாரு. பையன்தான் சொன்னான், "அந்த மணி அடிச்ச சுத்துதான் நான் பொறந்ததுல இருந்து ஓடுனதுலயே வேகமான சுத்து, இனி அதுக்கு மேல எதுக்கு ஓடோணும்"னாராமா. மறுக்கா ஓட மாட்டேன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு.

அப்புறம் பையன் என்ற பக்கத்துல வந்து உக்காந்தான்.

"அப்பா, அது நம்ம வீட்டு மணிதானே?"

"ஆமா."

"ஏம்ப்பா அடிச்சீங்க?"

"வேண்டுதல் முடிஞ்சுது, அடிச்சேன்."

"என்ன வேண்டுதல்?"

"நீ கடைசியா வரக் கூடாதுன்னு. காலையில இருந்து நடக்கறேன், கால் வீங்கிருச்சு பாரு."

குனிஞ்சு என்ற கால் வீக்கத்தத் தொட்டுப் பாத்தான். அப்புறம் அழுகறானா சிரிக்கறானான்னு தெரியலீங்க, வேர்வையில நனைஞ்ச அந்த உடுப்போடயே என்னக் கட்டிப் புடிச்சுட்டான். விடவே இல்லை. என்ற ஸ்வெட்டரு ரெண்டும் நனைஞ்சு போச்சு. அந்தக் குளுர்ல நனைஞ்ச ஸ்வெட்டரோட நிக்கறது எத்தனை கஷ்டம்? சளி புடிச்சு இன்னும் விடலை. அந்தக் கோவம் எனக்கு அவன் மேல இருக்குது.

வரும்போது பிளைட்ல பக்கத்துச் சீட்டு காலியாவே வந்துச்சுங்க. சாப்பாட்டுத் தட்டு கொண்டு வந்த பொண்ணு, இங்க யாராச்சும் வர்றாங்களான்னு கேட்டுச்சு. வருவாங்கன்னு சொல்லி அந்தத் தட்டையும் வாங்கி வெச்சுக்கிட்டேன். அப்புறம் துண்ட மடிச்சு அந்தச் சீட்டுல போட்டேன்.

இப்ப ஞாயத்துக்கு வாங்க. இத்தனையும் பண்ணுனேனே, கஸ்தூரி என்ன சொல்லோணும்? நல்லாப் பண்ணுனீங்கன்னு ஒரு வார்த்தை? "எங்கம்மா குடுத்த மணியும் போச்சு, ஊட்டுக்கு வரவேண்டிய பையனும் போனான். ரெண்டையும் போக்குனது நீங்கதான்"ங்கறா. மணி சரி, அத ஒத்துக்கறேன். பையன நான் எங்கங்க போக்குனேன்? அவனுக்காக நடந்தது யாரு? ஊருக்குள்ள இன்னொருத்தரு, மணியடிச்சதாலதான் ஜெயிச்சான்ங்கறாரு. மணிக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? வலமா இருபத்தேழு சுத்து போட்டது எங்க போச்சு? ஒருத்தருக்கும் விசயம் புரிய மாட்டேங்குது.

டீ வந்துருச்சு, எடுத்துக்குங்க. என்ன, என்னமோ கேக்க வந்தீங்க?

...

என்ன சொன்னீங்க? நான் சும்மா உக்காந்திருந்தா அவன் கடைசியா வந்திருப்பான்னா?

அப்ப கம்பெனிக்கு வந்திருப்பான்.

ஆமாங்க. அதுதான ஒப்பந்தம். நான் சும்மா உக்காந்திருந்தாப் போதும். சூடத்தத் தொட்டுச் சத்தியம் வேற பண்ணியிருந்தானே. இந்நேரம் அந்த ஏசி ரூம்புல உக்காந்திருப்பான். அட கெரகமே. அங்க இருக்கும்போது எனக்கு இது தோணவே இல்லீங்களே. ஒரு வாட்டி கூடத் தோணலையே. கஸ்தூரி சொன்னது இதத்தானா?

டீ ஆறுது, குடிங்க.

சரி, தோணியிருந்தாத்தான் என்ன பண்ணியிருப்பேன்? பையன் கீழ தனியாக் கெடந்து இடமாச் சுத்திக்கிட்டு இருக்கான். மேல பெத்தவன் கையக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டு இருக்கறதா? அதெப்படிங்க முடியும்?

விடுங்க. ஏறுங்க ஆர்ட்டிஸ்ட்டு. பேப்பரக் கிழிச்சுட்டு "அண்ட் சன்"ன அழிச்சுருங்க. அழிச்ச எடம் வெறுமனே இருக்க வேண்டாம், அங்க ஒரு கிரைண்டர் வரைங்க. அதச் சுத்தி ஒரு பையன், ரெண்டு கையையும் முதுகுல கட்டிக்கிட்டு, கொஞ்சம் குனிஞ்சு சறுக்கிப் போற மாதிரி. போன்ல போட்டோ இருக்குது, தாரேன். முகம் நல்லாத் தெரியோணும். ஒரே ஒரு விசயம், அவன் வலமாச் சுத்தற மாதிரி வரைங்க. போட்டோவுல இருக்கற மாதிரி இடமா வரைஞ்சுறாதீங்க சாமி. அப்புறம் இந்தப் போர்டு இருக்கற வரைக்கும், தினமும் காலையில கம்பெனிய நான் வலமாச் சுத்தி வரோணும். காலு இன்னும் வீக்கம் வத்தலை.